பேசப்போவது யார் என்று முதலில் முடிவு பண்ணுங்கள்

கேள்வி: நான் புக்கிட் மெர்தாஜத்தில் இருக்கிறேன். கூலிமில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. அடுத்த ஆண்டு, 2027-இல், நாடு முழுவதிலிருந்தும் 400 கத்தோலிக்கப் பொதுநிலையினர் (குருக்களோ துறவிகளோ அல்லாதவர்கள்) கூடும் மூன்று நாள் கூட்டத்தைப் பினாங்கில் நடத்த எங்கள் குழு திட்டமிடுகிறது. என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். இதுவரை ஹோட்டல், டி-சட்டை, இந்தியாவிலிருந்து வரவழைக்கும் பிரசங்கியார், இவற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஏழு சொற்பொழிவுகள் உறுதியாகிவிட்டன. வெள்ளி, சனி, ஞாயிறு என்று நாள் குறிக்கப் பார்க்கிறார்கள். கெடாவில் எனக்கு ஞாயிறு வேலை நாள். சபா, சரவாக்கிலிருந்து வருகிறவர்கள் மலாய் பேசுவார்கள். எங்கள் பங்கில் (கோயில் வட்டாரத்தில்) பெரியவர்களுக்குத் தமிழ்தான் சரளம். ஆயர் ‘செய்யுங்கள்’ என்று சொன்னதாகத் தலைவர் சொல்கிறார், கையில் கடிதம் எதுவும் இல்லை. திருவிழா மாதிரிக் கூடிக் கலைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

வணக்கம் டீச்சர்.

உங்கள் பயம் நியாயமானது. அதை அடுத்த குழுக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். கோலாலம்பூரில் மாநாடு ஏற்பாடு செய்வதுதான் என் தொழில். கூட்டுறவுச் சங்கம், மருத்துவர் சங்கம், திருச்சபை என்று யார் வந்தாலும் முதலில் கேட்பது மண்டபத்தைப் பற்றித்தான். நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: இந்த மூன்று நாளில் பேசப்போவது யார்?

உங்கள் ஏழு சொற்பொழிவுகளைக் கடிகாரத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். மொழிபெயர்த்தால் ஒன்றரை, இரண்டு. அதற்கு முன் பேச்சாளர் அறிமுகம், பின்னால் நன்றியுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, படம். திருப்பலி, செபம், சாப்பாடு போக மீதி நேரம் முழுவதும் போய்விடும். 400 பேர் நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் வந்து ஏழு பேர் பேசுவதைக் கேட்டுவிட்டுப் போவார்கள். அதற்குப் பெயர் தியானக் கூட்டம். தியானக் கூட்டம் நல்லதுதான், தேவையும்தான். ஆனால் அதற்காகச் சபாவின் கெனிங்காவிலிருந்து ஒருவர் மலையிறங்கி, கோத்தா கினபாலுவில் விமானம் ஏறி, கடல் தாண்டி வர வேண்டியதில்லை. அவர் வருவது அவருக்குத் தெரிந்ததை நாம் கேட்பதற்கு. கூட்டத்தின் நேரத்தில் பெரும்பங்கு வந்தவர்கள் வாயில் இருக்க வேண்டும். நான் கீழே சொல்லும் எல்லாம், யாரை அழைப்பது, எந்த மொழி, எந்த நாள், எந்த மண்டபம், எல்லாமே இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

கேட்பதற்கு ஒரு கேள்வி வேண்டும் அல்லவா? அதுதான் உங்கள் முதல் வேலை. தீபகற்ப மலேசியத் திருச்சபைக்கு இதில் நல்ல அனுபவம் உண்டு. 1976-இல் ஆயர்களும் குருக்களும் ஒரு மாதம் சேர்ந்து உட்கார்ந்து, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தை (1960-களில் உலக ஆயர்கள் ரோமில் கூடிய பேரவை) நம் மண்ணில் எப்படி வாழ்வது என்று யோசித்தார்கள். அப்புறம் 1986, 1996, 2006, 2016 என்று பத்தாண்டுக்கு ஒரு முறை தீபகற்ப மேய்ப்புப்பணி மாநாடு. 2026-இல் சபா, சரவாக்கையும் சேர்த்து மலேசிய மேய்ப்புப்பணி மாநாடு. அவை ஆயர், குரு, துறவி, பொதுநிலையினர் எல்லாரும் உட்காரும் மாநாடுகள். பங்கு எப்படி இயங்க வேண்டும் என்பது அங்கே அலசப்படும். அடுத்த ஆண்டே நீங்கள் கூட்டும் கூட்டத்தில் அதையே திரும்பப் பேசினால், வந்தவர்களுக்குச் சலிப்புத்தான் மிஞ்சும்.

உங்களுடையது பொதுநிலையினர் மட்டும் கூடும் கூட்டம். அப்படியானால் பொதுநிலையினருக்கே உரிய இடத்தைப் பேசுங்கள். அதே வத்திக்கான் சங்கம் 1965 நவம்பரில் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றித் தனியாக ஓர் ஆணையே வெளியிட்டது. குடும்பம், வேலை, ஊர், நாடு, இவைதான் பொதுநிலையினரின் களம் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. ஆனால் நாம் பொதுநிலையினர் என்று கூடினாலே வாசகம் வாசிப்பது, பாடற்குழு, காணிக்கை எடுப்பது, பங்குப் பேரவைத் தேர்தல் என்று கோயில் வளாகத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறோம். இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருப்பவர், தனக்குக் கீழே வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளியின் ஓவர்டைம் கணக்கை மேலதிகாரி குறைத்து எழுதச் சொல்லும்போது என்ன செய்கிறார்? மகன் சிங்கப்பூரில், மகள் ஜொகூரில், படுத்த படுக்கையான மாமியாரைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் அம்மா யாரிடம் போய்ச் சொல்லி அழுகிறார்? குத்தகை வேலை எடுக்கும் தம்பி, கவர் கொடுக்காமல் பில் நகராது என்னும்போது எப்படித் தூங்குகிறார்? இதெல்லாம் எந்தப் பங்குக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலும் வருவதில்லை. உங்கள் கூட்டத்தில் வரட்டும்.

கேள்வியை எழுதும் விதத்திலும் கவனம் தேவை. ‘உங்கள் மறைமாவட்டத்தின் நற்செய்தி அறிவிப்பு முன்னுரிமைகள் யாவை?’ என்று அச்சடித்து மேசையில் வைத்தால், எட்டுப் பேரில் ஒருவர் பேசுவார், மீதி ஏழு பேர் தலையாட்டுவார்கள். ‘போன ஒரு வருஷத்தில் வேலை இடத்திலோ வீட்டிலோ உங்கள் மனசாட்சியை உறுத்திய ஒரு சம்பவம் என்ன? அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து மூன்றாம் வகுப்போடு நின்ற பாட்டியும் பேசுவார். இந்தக் கேள்வியைக் கூட்டத்துக்கு நாலு மாதம் முன்பே அன்பியங்களுக்கு (பங்குக்குள் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழுக்களுக்கு) அனுப்பிவிடுங்கள். வருகிறவர் தன் அன்பியத்தில் கேட்டதை மடியில் கட்டிக்கொண்டு வருவார். அப்போதுதான் 400 பேர் என்பது வெறும் 400 பேராக இல்லாமல், அவர்களுக்குப் பின்னால் இருக்கும் வீடுகளாகவும் இருக்கும்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாய்ச்சொல் போதாது. திருச்சபைச் சட்டம் 216-ஆம் எண்ணில், பொதுநிலையினர் தாங்களாகவே திருத்தூதுப் பணி முயற்சிகளைத் தொடங்கலாம் என்று உரிமை தருகிறது. அதே எண், உரிய அதிகாரியின் இசைவில்லாமல் எந்த முயற்சியும் ‘கத்தோலிக்க’ என்ற பெயரைச் சூட்டிக்கொள்ளக் கூடாது என்றும் சொல்கிறது. எனவே பினாங்கு ஆயரகத்திலிருந்து ஒரு கடிதம் வாங்குங்கள். ‘தேசிய’ என்று போடுவதால், மற்ற எட்டு மறைமாவட்ட ஆயர்களுக்கும் எழுதி, அவர்கள் பக்கத்திலிருந்து ஒரு தொடர்பாளரைக் கேளுங்கள். மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆயர் பேரவைக்கும் ஒரு பிரதி போகட்டும். கடிதம் கையில் இருந்தால் பங்குத்தந்தையர் கதவைத் திறப்பார்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு பங்கிலும் நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இப்போது யார் வருவது. இதில்தான் கூட்டம் உருப்படுவதும் கெடுவதும்.

நாட்டில் ஒன்பது மறைமாவட்டங்கள். கோலாலம்பூர், கூச்சிங், கோத்தா கினபாலு மூன்றும் உயர்மறைமாவட்டங்கள். பினாங்கு, மலாக்கா-ஜொகூர், சிபு, மிரி, கெனிங்காவ், சண்டாக்கான் மற்ற ஆறு. மலேசியக் கத்தோலிக்கரில் பெரும்பான்மையினர் சபாவிலும் சரவாக்கிலும்தான் இருக்கிறார்கள். தீபகற்பத்தில் இருக்கும் நாம் இதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். 400 இருக்கையில் 40 இருக்கையை அவர்களுக்கு ஒதுக்கிவிட்டுத் ‘தேசியக் கூட்டம்’ என்று பதாகை கட்டினால், அது வடக்குத் தீபகற்பக் கூட்டம், அவ்வளவுதான். பாதி இருக்கையாவது அவர்களுக்கு வையுங்கள்.

உடனே உங்கள் பொருளாளர் விமானக் கட்டணம் என்பார். சரியான கேள்வி. பதில்: பயணச் செலவைப் பொதுவில் போடுங்கள். 400 பேரின் பயணம், தங்கல், சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே தொகையாகக் கூட்டி 400-ஆல் வகுத்து, எல்லாருக்கும் ஒரே கட்டணம். சண்டாக்கானிலிருந்து வருகிறவரும் பட்டர்வொர்த்திலிருந்து வருகிறவரும் ஒரே தொகை கட்டுவார்கள். பினாங்கு ஆட்களுக்குக் கொஞ்சம் கூடும்தான். ஆனால் கூட்டம் நம் வாசலிலேயே நடக்கிறதே, நமக்கு அலைச்சல் இல்லையே. அந்தத் தொகையும் கட்ட முடியாதவருக்குப் பங்கு பாதி, கூட்டம் பாதி என்று முன்பே எழுதி வையுங்கள். கை நீட்டிக் கேட்கும் நிலைக்கு யாரையும் கொண்டுபோகாதீர்கள். படிவத்தில் ஒரு கட்டம் போதும், டிக் அடித்தால் முடிந்தது.

அடுத்தது, பங்கிலிருந்து யார்? ‘ஒரு பங்குக்கு நால்வரை அனுப்பவும்’ என்று மட்டும் எழுதினால் பேரவைத் தலைவர், துணைத் தலைவர், முன்னாள் தலைவர், அவர் நண்பர் என்று ஓய்வுபெற்ற ஆண்கள் நால்வர் வருவார்கள். அவர்கள் நல்லவர்கள், உழைத்தவர்கள். ஆனால் ஷிப்ட் வேலைக்காரரின் வாழ்க்கை அவர்கள் வாயிலிருந்து வராது. எனவே படிவத்திலேயே கேளுங்கள்: நால்வரில் இருவர் பெண்கள், ஒருவர் 35 வயதுக்குக் கீழே, ஒருவர் பங்கில் எந்தப் பொறுப்பிலும் இல்லாதவர். கடைசி நிபந்தனைக்குத்தான் அதிகம் முணுமுணுப்பு வரும். விட்டுக்கொடுக்காதீர்கள். ஞாயிறு பூசைக்குப் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டு முதலில் கிளம்பிப் போகிறவருக்கும் சொல்ல ஏதோ இருக்கிறது.

கைக்குழந்தை உள்ள அம்மாக்கள் வர வேண்டுமென்றால் பிள்ளைகளுக்கு ஓர் அறை வேண்டும். எப்போதும் இரண்டு பெரியவர்கள் சேர்ந்தே இருக்கும்படி, மறைமாவட்டத்தின் சிறார் பாதுகாப்பு விதிகளின்படி. இளைஞர்களை மைக் தூக்கவும் தேநீர் பரிமாறவும் மட்டும் அழைக்காதீர்கள், அவர்களும் மேசையில் உட்காரட்டும். பினாங்கில் வேலை செய்யும் பிலிப்பினோ, வியட்நாமியச் சகோதரர்களையும் மறக்க வேண்டாம். அவர்களும் நம் பங்கு மக்கள்தான். மூன்று நாள் விடுப்பு அவர்களுக்குக் கிடைக்காது. ஒரு மாலையாவது வரட்டும்.

நாளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் காலண்டரை எடுத்துவிட்டேன். கெடா, கிளந்தான், திரெங்கானு மூன்றிலும் வார விடுமுறை வெள்ளி-சனி. கெடாவும் கிளந்தானும் பினாங்கு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவை, திரெங்கானு கோலாலம்பூரைச் சேர்ந்தது. வெள்ளி-சனி-ஞாயிறு என்று வைத்தால், கூட்டத்தை நடத்தும் மறைமாவட்டத்தின் ஆசிரியர்களும் அரசு ஊழியர்களுமே ஞாயிற்றுக்கிழமை விடுப்பு எடுக்க வேண்டும். சுங்கை பட்டாணி, கூலிம், அலோர் ஸ்டார் பங்குகளில் பாதிப் பேர் படிவத்தையே வாங்க மாட்டார்கள். அதோடு ஞாயிறு என்பது பங்கின் நாள். 400 சுறுசுறுப்பான ஆட்களை அன்று பங்கிலிருந்து பிடுங்குவது நல்லதல்ல.

2027-இல் மலேசியா தினம், செப்டம்பர் 16, வியாழக்கிழமை வருகிறது. நாடு முழுவதும் விடுமுறை. 16, 17, 18 என்று வைத்துக்கொண்டால் கெடாக்காரர்களுக்கு மூன்று நாளும் விடுமுறையாகவே விழும். சனி விடுமுறை உள்ள மற்றவர்களுக்கு வெள்ளி ஒரு நாள் விடுப்பு போதும். சனி மதியம் சாப்பாட்டோடு முடித்தால் ஞாயிறு காலை எல்லாரும் அவரவர் பங்கில். சபா, சரவாக் ஆட்கள் புதன் மாலையே வந்து சேரட்டும். அந்த நாளுக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு: 1963-இல் சபாவும் சரவாக்கும் மலாயாவோடு சேர்ந்து மலேசியா உருவான நாள் அது. நீண்ட விடுமுறை என்பதால் விமானமும் ஹோட்டலும் விலை ஏறும், அது உண்மை. ஆகவே சீக்கிரம் முன்பதிவு செய்ய வேண்டும். உங்கள் குழுவில் யாராவது மே கடைசி அல்லது ஜூன் முதல் வாரம் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், சபாவில் காமத்தான், சரவாக்கில் காவாய், இரண்டும் அறுவடைத் திருநாள். ஜூலை கடைசியில் உங்கள் ஊரிலேயே புனித அன்னாள் திருவிழா, புக்கிட் மெர்தாஜத்தில் ஓர் அறை கிடைக்காது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மொழிக்கு வருகிறேன். பெரும்பாலான ஏற்பாட்டாளர்கள் இங்கேதான் மேடையில் பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்க்க வைப்பார்கள். ஒரு மொழிக்கே நேரம் இரட்டிக்கும். மலாய், ஆங்கிலம், தமிழ், மாண்டரின் என்று நான்கு மொழிக்குச் சாத்தியமே இல்லை. ஹெட்செட் வைத்து உடனடி மொழிபெயர்ப்பு என்றால் ஒவ்வொரு மொழிக்கும் இரண்டு பேர் வேண்டும், அரை மணிக்கு ஒருமுறையாவது மாறி மாறிப் பேசுவார்கள், கருவி வாடகை வேறு. பெரிய செலவு.

உங்களுக்கு அது தேவைப்படாது, ஏனென்றால் பேச்சு நடக்கப்போவது மேசையில். மொழிவாரியாக மேசை போடுங்கள். தமிழ் மேசை, மலாய் மேசை, மாண்டரின் மேசை, ஆங்கில மேசை. ‘பிரித்து உட்கார வைப்பதா, ஒற்றுமை எங்கே?’ என்று யாராவது கேட்பார்கள். 2023 அக்டோபரில் ரோமில் நடந்த ஆயர் மன்றத்தில், பொதுநிலைப் பெண்கள் முதன்முறையாக வாக்களித்த அந்தக் கூட்டத்தில்கூட, வட்ட மேசைகளில் மொழிவாரியாகத்தான் உட்கார்ந்தார்கள். மனசில் இருப்பதை இறக்கி வைக்கத் தாய்மொழி வேண்டும். உங்கள் பங்குப் பெரியவரை ஆங்கில மேசையில் உட்கார வைத்தால் மூன்று நாளும் புன்னகைத்துவிட்டுப் போவார். தமிழ் மேசையில் உட்கார வைத்தால் அவரை நிறுத்துவதுதான் கஷ்டம். முதல் நாளும் இரண்டாம் நாள் காலையும் மொழி மேசை. இரண்டாம் நாள் பிற்பகல் கலப்பு மேசை, ஒவ்வொன்றிலும் மலாயும் தமிழும், மலாயும் மாண்டரினும் தெரிந்த ஒருவர் இருக்கும்படி. அப்போது எல்லாருக்கும் சொல்ல ஏற்கனவே ஏதோ இருக்கும், உடைந்த மலாயிலும் சொல்லிவிடுவார்கள். இரண்டு பொது உரைகள் மட்டும் வையுங்கள். அவற்றின் எழுத்து வடிவை நான்கு மொழியிலும் அச்சடித்து முதல் நாளே கையில் கொடுங்கள்.

மேசையில் எப்படிப் பேசுவது என்பதற்கு அதே ஆயர் மன்றத்தில் ஒரு முறை இருந்தது. அதை நான் திருச்சபைக்கு வெளியே நடத்திய கூட்டங்களிலும் பயன்படுத்தியிருக்கிறேன், நன்றாக வேலை செய்கிறது. எட்டுப் பேர். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் மூன்று நிமிடம். யாரும் குறுக்கே பேசக் கூடாது, பதில் சொல்லக் கூடாது. 24 நிமிடம். பிறகு மௌனம். இரண்டாம் சுற்றில், தான் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், மற்றவர் சொன்னதில் தன்னைத் தொட்டது எது என்று இரண்டு நிமிடம். 16 நிமிடம். மீண்டும் மௌனம். மூன்றாம் சுற்றில்தான் கலந்துபேசுவது, அரை மணி. ஆக மௌனத்தோடு சேர்த்து ஒன்றரை மணிக்குள் முடியும். மூன்று நாளில் இப்படி நான்கு அமர்வு தாராளமாக வைக்கலாம்.

இதற்கு 50 மேசை, 50 வழிநடத்துநர் வேண்டும், கையிருப்பாக இன்னும் ஐந்தாறு பேர். இவர்கள்தான் உங்கள் கூட்டத்தின் முதுகெலும்பு, பேச்சாளர்கள் அல்ல. ஒவ்வொரு மறைமாவட்டமும் தன் சார்பில் இத்தனை பேர் என்று தந்து, அங்கேயே ஒரு நாள் பயிற்சி கொடுக்கட்டும். பயிற்சியில் சொல்லித்தர வேண்டியது மூன்று: அதிகம் பேசுகிறவரை மரியாதையாக நிறுத்துவது, பேசாதவரை அவசரப்படுத்தாமல் காத்திருப்பது, அழுகிறவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது. அப்புறம் ஒரே ஒரு தாள். மேசை சொன்னதை ஒரு பக்கத்துக்குள், முடிந்தவரை பேசியவர்களின் சொல்லிலேயே எழுத வேண்டும். ‘குடும்ப விழுமியங்கள் வலுப்படுத்தப்பட வேண்டும்’ என்று ஒரு தாள் வந்தால் திருப்பிக் கொடுத்து, ‘யார் வீட்டில் என்ன நடந்தது, பெயர் வேண்டாம், அதை எழுதுங்கள்’ என்று கேளுங்கள்.

திறந்த மைக் நேரம் வைக்காதீர்கள். 400 பேர் கூட்டத்தில் மைக்குக்கு வருகிற ஆறு பேர் யார் என்று உங்களுக்கு இப்போதே தெரியும்.

ஆயர்களும் குருக்களும் வந்தால் அவர்களையும் மேசைக்கு ஒருவராக உட்கார வையுங்கள், கேட்பவர்களாக. முதல் சுற்றில் கடைசியில் பேசட்டும். ஃபாதர் முதலில் பேசினால் மற்ற ஏழு பேரும் ஃபாதர் சொன்னதையே சொல்வார்கள், அது நம் பழக்கம்.

இந்தியப் பிரசங்கியாரை என்ன செய்வது? அழைத்துவிட்டீர்கள் என்றால் மரியாதையாக ஒரு மாலை செப வழிபாட்டைக் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து பேசுகிறவருக்குக் குடிநுழைவுத் துறையின் அனுமதி தேவை. சுற்றுலாப் பயணியாக வரச் சொல்லாதீர்கள், விண்ணப்பத்தைச் சில மாதம் முன்பே தொடங்குங்கள். இன்னும் உறுதி சொல்லவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அவருக்கு ஆகும் விமானம், தங்கல், காணிக்கை எல்லாம் சேர்ந்தால் சபாவிலிருந்து சிலரைக் கூட்டி வந்துவிடலாம்.

மண்டபத்தைப் பினாங்கின் பெருநிலப் பகுதியிலேயே பாருங்கள், தீவில் வேண்டாம். விமானத்தில் வருகிறவர்கள் பாயான் லெப்பாஸில் இறங்கி இரண்டாவது பாலம் வழியாகப் பத்து காவான் பக்கம் வந்துவிடலாம். வேலை முடியும் நேரத்தில் பழைய பாலத்தில் மாட்டிக்கொண்டால் முதல் நாள் மாலை அமர்வு போச்சு. இரயிலில் வருகிறவர்களுக்கு புக்கிட் மெர்தாஜமும் பட்டர்வொர்த்தும் வசதி. ஹோட்டல்காரர் ‘600 பேர் உட்காரலாம்’ என்று சொன்னால், அது நாற்காலியை வரிசையாகப் போட்ட கணக்கு. வட்ட மேசை என்றால் இடம் ஏறக்குறைய இரட்டிப்பாக வேண்டும். 50 வட்ட மேசை போட்ட வரைபடத்தை எழுத்தில் கேளுங்கள். நேரில் போகும்போது கூரை உயரத்தையும் தரையில் கம்பளம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தாழ்ந்த கூரை, பளிங்குத் தரை என்றால் 50 மேசை ஒரே நேரத்தில் பேசும்போது பக்கத்தில் இருப்பவர் சொல்வது காதில் விழாது. காது மந்தமான பெரியவர்கள் முதல் அரை மணியிலேயே விட்டுவிடுவார்கள்.

திருப்பலியை ஹோட்டலில் வைக்காதீர்கள். சாம்பிராணி போட்டால் கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கை மணி அலறும். ஹலால் சான்று வைத்திருக்கும் இடத்தில் திராட்சை இரசம் கொண்டுபோவதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். இதெல்லாம் எதற்கு? பக்கத்திலேயே புனித அன்னாள் பேராலயம் இருக்கிறது. சபாக்காரர்கள் பலர் அதைப் பார்ப்பதற்கென்றே வருவார்கள். வெள்ளி மாலை எல்லாரும் பேருந்தில் போய் அங்கே திருப்பலி. பாடல்கள் நான்கு மொழியிலும் கலந்து வரட்டும்; நம்பிக்கையாளர் மன்றாட்டில் மேசைத் தாள்களிலிருந்து எடுத்த வரிகளை வாசியுங்கள்.

பணத்துக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, ஒவ்வொரு கூட்டத்திலும் வரவு செலவு தாளில். பெரிய நன்கொடையாளருக்கு மேடை தர வேண்டாம். டி-சட்டைக்கு ஆகும் பணத்தைப் பயண நிதியில் போடுங்கள், பெயர் அட்டை போதும்.

கலைந்துவிடுமோ என்ற பயத்துக்கு வருகிறேன். கூட்டம் முடிந்த பிறகு நடக்க வேண்டியதைக் கூட்டத்துக்கு முன்பே நாள் குறித்து வைத்தால்தான் நடக்கும். செப்டம்பர் 19 ஞாயிறு, ஒவ்வொரு பங்கிலும் நற்கருணைக்குப் பின் அறிவிப்பு நேரத்தில், போய் வந்தவர் இரண்டு நிமிடம் பேச இடம் வேண்டும் என்று பங்குத்தந்தையிடம் இப்போதே கேட்டு வையுங்கள். மேசைத் தாள்கள் எல்லாவற்றையும் சுருக்கி நாலு பக்கத்தில், நான்கு மொழியில், ஒரு மாதத்துக்குள் அன்பியங்களுக்கு அனுப்புங்கள். நாற்பது பக்க அறிக்கை எழுத ஆசைப்படும் ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார். அவரிடம் அந்த நாலு பக்கத்தை எழுதும் பொறுப்பையே கொடுங்கள். அதே தாள்களிலிருந்து ஆயர்களுக்கும் ஒரு கடிதம். திருச்சபையின் நன்மைக்கானதைத் தங்கள் மேய்ப்பர்களிடம் எடுத்துச் சொல்ல நம்பிக்கையாளருக்கு உரிமையும், சில நேரம் கடமையும் உண்டு என்று சட்டத்தின் 212-ஆம் எண்ணே சொல்கிறது, ஆகவே தயங்க வேண்டாம். ஆறு மாதம் கழித்து மறைமாவட்ட வாரியாக ஒரு நாள் கூடிப் பேசுங்கள்: மேசையில் சொன்னவரின் நிலைமை இப்போது எப்படி? யாராவது போய்ப் பார்த்தோமா? அந்த ஓவர்டைம் கணக்கு எழுதும் சூப்பர்வைசருக்கு, அதே தொழிலில் இருக்கும் இன்னொரு கத்தோலிக்கரின் தொலைபேசி எண் கிடைத்திருந்தால் கூட்டம் வேலை செய்திருக்கிறது.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு மூன்றை மட்டும் எடுத்துப் போங்கள்: கேள்வியின் வரைவு, செப்டம்பர் 16 முதல் 18 வரை என்ற நாள், மேசை முறை. ஏழு சொற்பொழிவை இரண்டாக்கச் சொன்னால் தலைவருக்குக் கோபம் வரலாம், ஏனென்றால் அந்த ஐந்து பேரிடமும் வாக்குக் கொடுத்தது அவர். அவரைச் சபையில் மடக்காதீர்கள். குழுக் கூட்டத்துக்கு முந்தைய நாளே தனியாகப் போய்ப் பார்த்து, அந்த ஐந்து பேரையும் கூட்டத்துக்கு முந்தைய மாதங்களில் அந்தந்த வட்டாரத்து அன்பியங்களுக்கு அனுப்பி, கேள்வியை விளக்கும் பொறுப்பைத் தரலாம் என்று சொல்லுங்கள். அவர் வாக்கும் காப்பாற்றப்படும், உங்களுக்கும் ஆயத்தப் பேச்சாளர்கள் ஐந்து பேர் கிடைப்பார்கள். ஹோட்டலுக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை என்று நினைக்கிறேன். 50 மேசை வரைபடம் கைக்கு வரும்வரை கட்டாதீர்கள்.